“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்பதை யார் யாரிடம் சொல்லலாம்?

ஆகஸ்ட் 2: திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

“பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தாளவாடி மலைப்பக்கம் முழுநேர ஊழியத்துக்கு வரச்சொல்லி ஒரு குழு கூப்பிடுகிறது. சம்பளம் கிடையாது, விசுவாச ஊழியம் என்கிறார்கள். சீட்டு எடுத்திருக்கிறேன், இன்னும் கட்டி முடியவில்லை. மெடிக்கல் இன்சூரன்ஸ் மட்டும் தொடரட்டுமா என்று கேட்டேன். ‘காகத்தைக் கொண்டு எலியாவைப் போஷித்தவர் உன்னைப் போஷிக்க மாட்டாரா’ என்று ஒரு மூத்த ஊழியர் கேட்டார். சேமிப்பு வைப்பதும் ஆதரவு கேட்பதும் அவிசுவாசமா? மனசாட்சி குத்துகிறது.”

ஆகஸ்ட் 2, இரவு

அவிசுவாசம் இல்லை தம்பி. இரண்டுமே இல்லை. இன்சூரன்ஸை விடாதீர்கள். சீட்டுப் பணம் முடியும்வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் பாதியில் விட்டுவிட்டு மலையேறினால் உங்களுக்கு ஜாமீன் போட்டவர்தான் மாட்டுவார். அவரிடம் போய் எந்த வசனத்தைச் சொல்வது?

காகத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு மதியம்

அந்த மூத்த ஊழியர் எலியாவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அடுத்த வசனத்திலேயே கேரீத் ஆறு வற்றிப்போகிறது. தேவன் காட்டிய இடம், தேவன் சொல்லிப் போன இடம், அங்கேயே தண்ணீர் நின்றுவிட்டது. அப்புறம் தேவன் எலியாவை எங்கே அனுப்புகிறார்? சாறிபாத்தில் ஒரு விதவையின் வீட்டுக்கு. அவளிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள். எலியா அவளிடம் வாய் திறந்து கேட்கிறார்: முதலில் எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டுவா என்று. தீர்க்கதரிசி ஆதரவு கேட்கிறார், அதுவும் ஏழையிலும் ஏழையிடம். கேட்டது அவிசுவாசம் என்றால் முதல் அவிசுவாசி எலியாதான்.

காகம் வந்த காலம் கொஞ்சம். அந்தம்மாள் வீட்டில் சாப்பிட்டதுதான் நெடுநாள். பிரசங்கத்தில் மட்டும் காகமே வருகிறது.

ஆகஸ்ட் 3, இரவு

மதியம் எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி விஷயம்தான் சொன்னதாகும்.

அப்போஸ்தலர் 27-ஐ எடுத்துப் படியுங்கள். பவுல் ரோமுக்குக் கைதியாகப் போகிற கப்பல் புயலில் மாட்டுகிறது. கப்பலில் 276 பேர். ஒரு உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாயிற்று, பவுலும் அதை எல்லாருக்கும் அறிவித்தாயிற்று. நாலைந்து வசனம் தள்ளி, மாலுமிகள் நங்கூரம் போடப்போகிற சாக்கில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று. போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். அதோடு விடவில்லை, எல்லாரும் சாப்பிடுங்கள், உடம்பில் தெம்பு வேண்டும் என்கிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் நீந்தி, தெரியாதவர் பலகையைப் பிடித்துக் கரை சேர்கிறார்கள். கப்பல் போனது, ஆட்கள் பிழைத்தார்கள்.

வாக்குத்தத்தம் உறுதியாக இருந்ததால்தான் பவுல் மாலுமிகளைப் போகவிடவில்லை. தேவ பராமரிப்பை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு அதிகாரத்தை உட்கார்ந்து வாசித்தால் போதும். மாலுமியும் பராமரிப்பு, சாப்பாடும் பராமரிப்பு, பலகையும் பராமரிப்பு.

சரி, எனக்கு இதில் முக்கியமான விஷயம் வேறொன்று. “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று போகிறவன் தன் வாயால் சொன்னால் அது விசுவாசம். அனுப்புகிறவர்கள் அதைப் போகிறவனிடம் சொன்னால், அநேகமாக அது பணம் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு வழி. யாக்கோபு இதைப் பச்சையாகவே எழுதியிருக்கிறார்: துணியில்லாதவனிடம் சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று. உங்களைக் கூப்பிடுகிற குழுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சம்பளம் இல்லை என்று சொல்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அவர்கள் வீட்டுக்கு மாதச் செலவு எங்கிருந்து வருகிறது?

ஆகஸ்ட் 5

ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்கவில்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையை மதிக்கிறவன்தான் நானும். 1830-இல் சபை கொடுத்த நிலையான சம்பளத்தை வேண்டாம் என்று விட்டவர், 1836-இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். அவர் 1898-இல் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். மனிதரிடம் கேட்பதில்லை என்பது அவர் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட தீர்மானம்.

அதே முல்லர் வந்த ஒவ்வொரு சில்லறைக்கும் கணக்கு எழுதினார், வருடந்தோறும் அறிக்கை அச்சிட்டார், கடனுக்குப் பொருள் வாங்க மறுத்தார். இல்லத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். சீனாவுக்குப் போன ஹட்சன் டெய்லரின் மிஷனெரிகளும் யாரிடமும் கேட்பதில்லை என்று இருந்தவர்கள்தான். அவர்களுக்கு முல்லர் என்ன செய்தார்? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று கடிதம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிரிஸ்டலிலிருந்து பணம் அனுப்பினார். தனக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்குத் தாராளம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கேட்பதே தப்பு என்பவர்களுக்கு 2 கொரிந்தியர் 8, 9 இருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் இரண்டு அதிகாரம் முழுக்கக் கேட்கிறார். போதாததற்கு, பண விஷயத்தில் ஒருவரும் குறை சொல்லாதபடி தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்புகிறார்.

ஆகஸ்ட் 9

மிஷனெரி வில்லியம் கேரி எப்படிப் பிழைத்தார் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: 1793-இல் வங்காளம் வந்தவர், பிழைப்புக்கு அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்தார். 1801 முதல் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் மொழி கற்பித்துச் சம்பளம் வாங்கினார். அந்தப் பணம் செராம்பூர் மிஷனின் பொதுப் பைக்குப் போனது. கூடாரம் தைத்த பவுலின் வழி அது. அந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, தொடர்ச்சி

மேலே எழுதிவிட்டுத் தறிக்குடோனுக்குப் போனேன். பாவு மாற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா நினைவு வந்தது. இதுவரை எழுதியதெல்லாம் படித்தது. பார்த்ததையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா உபதேசியார். பெரிய பதவி இல்லை. கிராமம் கிராமமாக சைக்கிளில் போய் ஜெபம் பண்ணுவது, ஞாயிற்றுக்கிழமை ஓலைக்கொட்டகையில் ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவது. சம்பளம் என்று ஒன்று பேருக்கு இருந்தது. மாதம் பிறந்து பாதி போனபிறகு வரும், சில மாதம் வராது. அப்பா மேலே எழுதிக் கேட்டால் பதிலாக ஒரு வசனம் வரும். அனுப்பியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊழியக்காரன் வீட்டில் அரிசிப்பானை எந்தத் தேதியில் காலியாகும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயற்சியும் எடுக்கவில்லை.

அம்மா ஒரு எருமை வைத்திருந்தார். பால் ஊற்றித்தான் எங்கள் மூன்று பேருக்கும் நோட்டும் பேனாவும் வந்தது. அந்த எருமைக்கு நாங்கள் பிள்ளைகள் யேகோவாயீரே (‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று அர்த்தம்) என்று பேர் வைத்துக் கூப்பிட, அப்பா அதட்டினார். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்மாவின் எருமையைவிட எங்களைக் காப்பாற்றியது ஊர் முக்கில் இருந்த மளிகைக்கடை. கடைக்காரர் கவுண்டர், நெற்றி நிறையத் திருநீறு, வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கிறவர். அப்பாவை “உபதேசியாரே, வாங்க” என்றுதான் கூப்பிடுவார். நீளநோட்டில் எங்கள் பேருக்கு ஒரு பக்கம் போட்டிருந்தார். அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், சோப்பு. பணம் வருகிற மாதம் வாங்கிக்கொள்வார், வராத மாதம் கேட்க மாட்டார். ஒரு தடவை அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். அப்போது கடைக்காரரே பையனிடம் அரிசி மூட்டையைக் கொடுத்து அனுப்பினார். அப்பா படுக்கையிலிருந்தே, “இதை நோட்டுல எழுதிட்டீங்களா?” என்று சொல்லியனுப்பினார். “எழுதாம விடுவனுங்களா, ஒடம்பு தேறி வந்து கட்டுங்க” என்று பதில் வந்தது. தேறியபின் அப்பா போய்ப் பார்த்தால் நோட்டில் அந்த மூட்டை இல்லை.

அப்பா சாகும்வரை ஜெபத்தில் அந்த மனிதரின் பெயரைச் சொன்னார். கர்த்தர் பார்த்துக்கொண்டார் என்றுதான் சாட்சியும் சொல்வார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, கர்த்தர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த வேலை சபையின் கைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சபை செய்யாததை அந்தக் கடைக்காரர் செய்தார். தேவன் உண்மையுள்ளவர் என்பதைக் காட்டிச் சபை தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 10

“அவர் கடைசியில் இரட்சிக்கப்பட்டாரா?” என்று அந்தக் கடைக்காரரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். காவடி எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. அப்பா அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசாமலும் இருக்கவில்லை. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசியதை நான் கேட்டிருக்கிறேன். கடனுக்காக அப்பா பேச்சைக் குறைக்கவும் இல்லை, கொடுத்ததற்காக அவர் அப்பாவை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

சாறிபாத் விதவை யார்? சீதோன் நாட்டுக்காரி, இஸ்ரவேலுக்கு வெளியே இருந்தவள். இயேசுவே நாசரேத் ஜெப ஆலயத்தில் அவளை எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் கோபப்பட்டு அவரை மலையுச்சிக்குக் கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தார்கள். ஒரு வாரம் முன்னால் விதவையைப் பற்றி எழுதும்போது கடைக்காரர் என் நினைவுக்கு வரவில்லை. இப்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. நமக்கு அப்படி நிபந்தனையில்லாமல் கிடைத்ததால் நாம் கொடுப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். மலையில் அரிசி கொடுத்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்பது ஊழியம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு, பசித்ததற்காக. நற்செய்தி தனியாக, அவன் மறுக்கக்கூடிய விதத்தில் சொல்லப்பட வேண்டும்.

ஆகஸ்ட் 14

பராமரிப்பு என்றால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எருமையும் மளிகைக்கடையும் வந்ததால் இருக்கலாம். முடியாமல் போனவர் ஒருவரைச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர்.

கோயம்புத்தூரில் 1830-இல் லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கிய ஆடிஸைப் பற்றி நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் கொஞ்சம் கேட்டிருப்பார்கள். ஈரோட்டில் ஆஸ்திரேலியாக்காரர் பிரப் பெயரில் கோயிலும் ரோடும் இருப்பதால் அவரும் தெரிந்தவர். கருமத்தம்பட்டி மரியோன் பிரெசிலாக்கைத் தெரியுமா? கத்தோலிக்கர் என்பதால் நம்மில் பலருக்குத் தெரியாது.

பிரான்சில் 1813-இல் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரி வந்தார். பிறகு கோவைப் பகுதிக்கு ஆயராக்கப்பட்டார். ஜெபமாலை அன்னை ஆலயம் இருக்கிற கருமத்தம்பட்டிதான் அவருக்கு மையம். உள்ளூர் ஆட்களையே குருக்களாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சபைக்குள் சாதி வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்வி அவர் மனசாட்சியைத் தின்றது. கூட இருந்த மிஷனெரிகளோடு ஒத்துப்போகவில்லை. தீர்வு கிடைக்காமல் ராஜினாமா எழுதினார், 1855-இல் ரோம் ஏற்றுக்கொண்டது. கொங்குநாட்டு வேலை அவருக்கு அப்படித்தான் முடிந்தது.

அதோடு ஓய்ந்துவிடாமல் 1856 டிசம்பரில் லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுன் போய் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, ஜூன் 25-ஆம் தேதி அவரும் இறந்தார். இறங்கி ஆறே வாரம். வயது 45.

இந்தியாவில் ராஜினாமா, ஆப்பிரிக்காவில் ஆறு வாரத்தில் சாவு. அவர் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே நிற்கவில்லை. லியோனில் இருந்த பிளாங்க் என்ற ஒருவர் சபையை விடாமல் பிடித்துக்கொண்டதால் அது நிலைத்தது. இன்று அந்தச் சபையில் இந்தியர்களும் குருக்களாகி ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். பிரெசிலாக் அதில் எதையும் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, பராமரிப்பை நம்பிப் போகிறவன் தன் வாழ்நாளுக்குள் விடை கேட்கக்கூடாது. பிளாங்க் மாதிரி ஒருவர் பின்னால் இருக்கிறாரா என்று மட்டும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சாதி விஷயத்தை எழுதாமல் தாண்டிப்போக மனமில்லை. மிஷனெரி எந்தச் சாதி என்று தெரிந்தபிறகு காணிக்கை கூடுவதையும் குறைவதையும் சபைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரெசிலாக்கைத் தின்ற கேள்வி கருமத்தம்பட்டியை விட்டு இன்னும் போகவில்லை, என் சபையை விட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு அக்கா தனியாக எழுதியிருந்தார். பேர், ஊர் எதுவும் போட மாட்டேன், விஷயத்தை மட்டும் போடச் சம்மதித்தார். கணவர் ஒரு கூட்டத்தில் கைதூக்கி ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் இவருக்குத் தெரியும். வேலையை விட்டாயிற்று. நகை அடகில். பிள்ளைகள் பள்ளி மாறியாயிற்று. “எனக்கு ஊழியம் பிடிக்கலைன்னு இல்லைங்க. என்னையும் கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேட்கலை” என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. விசுவாசத்தின் செலவை ஒருவர் ஒப்புக்கொள்கிறார், இன்னொருவர் கட்டுகிறார். எங்கள் வீட்டிலும் எருமை கறந்தது அம்மாதான். சாட்சி சொன்னது அப்பா. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினது முழுநேர ஊழியருக்கு விதிவிலக்கு வைத்து எழுதியது இல்லை.

தம்பி, உங்கள் கேள்வியில் “கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை” என்று ஒரு வரிதான் இருக்கிறது. உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சி, என்ன சொன்னது என்று நீங்கள் எழுதவில்லை.

ஆகஸ்ட் 18

அப்படியானால் ஜெபம் எதற்கு, எல்லாம் மனிதன் ஏற்பாடுதானே என்று காட்டமாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி.

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகரிலிருந்து கிளம்பி 200 கிலோமீட்டர் ஓடுகிறது, 2,07,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. நீலகிரியில் மழை பெய்யாவிட்டால் எந்த அதிகாரியாலும் எந்தச் சங்கத்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உண்டாக்க முடியாது. மழை முழுக்க முழுக்க அருள். ஆனால் பெய்தபிறகு கடைமடைக்காரன் வயல் காய்ந்தால், வானத்தைக் குறை சொல்ல முடியுமா? வழியில் மோட்டார் போட்டு உறிஞ்சினது யார், மடையைத் தூர்வாராமல் விட்டது யார் என்றுதான் கேட்போம். ஜெபம் மழைக்கு. நம் இருதயமும் நம் பணப்பையும் மடை. ஊழியக்காரன் கடைமடையில் இருக்கிறான்.

ஜெபம் பண்ணாமல் ஏற்பாடு மட்டும் பண்ணுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சீக்கிரம் கசந்துபோகிறார்கள். பத்துப்பேர் வர வேண்டிய கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தால் அந்த ராத்திரி அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. கர்த்தர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவன் பாடு வீண் என்ற சங்கீதம் அவர்களுக்குத்தான். நெகேமியா இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்: ஜெபம் பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம் என்று.

ஆகஸ்ட் 24

தம்பி பதில் போட்டிருக்கிறார். மனைவியிடம் இப்போதுதான் முழுதாகப் பேசினாராம். “போகலாம், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் எங்கேன்னு கேட்டுட்டு வாங்க” என்றதாம் தங்கச்சி. நல்ல கேள்வி. தாளவாடிக்கு சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக 27 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்பதைப் பகலிலேயே யோசித்து வைப்பது அவிசுவாசம் ஆகாது.

இன்னொன்றும் எழுதியிருந்தார்: மலைக்குப் போகும்வரை எனக்கு ஊழியம் இல்லாத மாதிரி இருக்கிறது என்று. உங்கள் கம்பெனி ஹாஸ்டலில் யார் இருக்கிறார்கள்? ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள். இரண்டு ஷிப்ட் முடித்து வந்து தரையில் படுக்கிறவர்கள். கையில் ஊசி ஏறினால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள். கூடப் போய் நில்லுங்கள். கொஞ்சம் இந்தி பழகுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “நாம் அவர்களிடம் போகவில்லை, கர்த்தர் அவர்களையே நம்மிடம் கொண்டுவந்துவிட்டார்” என்று பிரசங்கத்தில் சொல்லி அல்லேலூயா போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நெருடுகிறது. அவர்கள் பசியாலும் கடனாலும் வந்தார்கள். ஒரு தாயின் பிள்ளை வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து கிடப்பதை நம் ஊழியத்துக்கான வசதியாகப் பார்க்கக்கூடாது. தேவன் அந்தத் துன்பத்துக்குள்ளும் வேலை செய்வார் என்று நம்புகிறேன். துன்பத்தையே அவர் ஏற்பாடு என்று சொல்ல என் நாக்கு வராது. யோசேப்பு அண்ணன்மாரிடம் ‘நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள்’ என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ‘தேவன் அதை நன்மையாக முடித்தார்’ என்றான். விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. விற்கப்பட்டவன் சொன்னான்.

3-ஆம் தேதி எழுதியதும் இதுவும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது. “இது தேவனுடைய செயல்” என்பது பாடுபட்டவன் வாயில் இருந்து வர வேண்டிய வார்த்தை.

ஆகஸ்ட் 25

படுக்கையில் கிடப்பவர்கள் ஊழியத்துக்கு உதவ முடியாதா என்று ஒரு வயதான அம்மா கேட்டு எழுதியிருந்தார்கள். டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் குழியில் தவறி விழுந்தபிறகு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். அந்த வருடங்களில்தான் நிறைய எழுதினார். உங்களுக்கு எழுதக்கூட வேண்டாம் அம்மா. உங்கள் சபை அனுப்பிய மிஷனெரியின் பிள்ளைகள் பெயரை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், போன் பண்ணி ஒவ்வொருவராக விசாரியுங்கள். அந்தப் போனுக்காகவே அந்த வீடு காத்திருக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிறையப் பேர், உங்கள் சபையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் சபையின் மிஷனெரி ஆதரவுக் கணக்கு என் கையில்தான் இருக்கிறது.

மாதம் 1-ஆம் தேதி பணம் போய்விட வேண்டும். காணிக்கை வந்ததா இல்லையா என்பது மிஷனெரியின் கவலை இல்லை, எங்கள் கவலை. அதற்காகவே மூன்று மாதத் தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம். சோமனூர்ப் பக்கம் கூலி உயர்வுக்காகத் தறி நின்ற காலத்தில் சபையில் பாதிப்பேருக்கு வருமானம் இல்லை. அப்போது அந்தத் தொகைதான் மலைக்குப் போனது. அந்த நாட்களிலும் சில அம்மாமார் பிடியரிசியை நிறுத்தவில்லை. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்து, ஞாயிறன்று சின்னப் பையில் கொண்டுவந்தார்கள். அதை வாங்கி எடை போடும்போது எனக்குக் கை நடுங்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுப்பவர்களையும் மதிக்கிறேன், ஆனால் வருடம் முழுக்க ஓடுவது அந்தப் பிடியரிசியால்தான்.

வெளிநாட்டுப் பணம் வரும் என்று எந்தக் குழுவும் இனி உட்கார்ந்திருக்க முடியாது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. பல இடங்களில் ஊழியர் குடும்பங்கள் தவித்தன. இதில் சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, இங்கே வேண்டாம். நம் மிஷனெரிக்கு நம் ஊர்க் காசு போக வேண்டும் என்பதை அதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறோம். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குத் தகுதி உள்ளவர்களுக்கு அதையும் வாங்கச் சொல்கிறோம். வருடம் ஒருமுறை இரண்டு பேர் நேரில் போய் அவர்கள் வீட்டில் தங்குகிறோம். அறிக்கை வாங்க இல்லை; சமையலறையைப் பார்க்க. எத்தனை பேர் ஞானஸ்நானம் என்று எண்ணிக்கை கேட்பதை நிறுத்திவிட்டோம். எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் என்றால் பொய்க்கணக்கு வரும், அல்லது ஆள் உடைந்துபோவார்.

செப்டம்பர் 7

“இவ்வளவு ஏற்பாடு செய்தால் விசுவாசத்துக்கு இடம் எங்கே?” மறுபடியும் அதே கேள்வி.

மலைக்குப் போய்ப் பாருங்கள். பணம் 1-ஆம் தேதி வந்துவிடும். சோளகர், ஊராளி பழங்குடி மக்களின் பேச்சுப் பழக வருடங்கள் ஆகும். தாளவாடியில் கன்னடம் இல்லாமல் கடையில் தீப்பெட்டி வாங்குவதே சிரமம். உங்களை ஊர் நம்புமா என்று தெரியாது. பாதை முழுக்க யானை. உங்கள் பிள்ளைக்குக் கூட விளையாட ஆள் கிடைக்குமா தெரியாது. பத்து வருடம் விதைத்து ஒன்றும் முளைக்காமல் போகலாம், பிரெசிலாக் மாதிரி. அதையெல்லாம் எந்தக் கமிட்டியும் ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. விசுவாசம் அங்கே முழுசாக வேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் அதைச் செலவு பண்ண வைக்காதீர்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். சீட்டு தை மாதத்தோடு முடிகிறதாம். அந்த மூத்த ஊழியர் வருத்தப்பட்டாராம், “அக்கினி அணைந்துபோயிற்று” என்றாராம். வருத்தப்படட்டும், அவரை எதிர்த்துப் பேச வேண்டாம். வயதானவர், தன் காலத்தில் பட்டினி கிடந்தே ஊழியம் செய்திருப்பார். அதே பட்டினியை அடுத்தவருக்கும் விதியாக வைப்பதைத்தான் ஏற்க முடியாது.

தை வரை மாதங்கள் இருக்கின்றன. கன்னட எழுத்து பழக ஆரம்பியுங்கள், தங்கச்சியும் சேர்ந்து பழகட்டும். ஹாஸ்டல் பிள்ளைகளில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா என்று எழுதவே இல்லையே? குழுவிடம் மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதி, யார் பொறுப்பு, பாப்பாவின் படிப்புக்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டோம் என்றால் வேறு குழுக்கள் இருக்கின்றன. கூப்பிட்டது கர்த்தர் என்றால் அந்த அழைப்பு ஒரு குழுவோடு முடிந்துபோகாது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாகச் சோமனூர் வாருங்கள். என் மனைவிக்கு அந்தத் தங்கச்சியிடம் தனியாகப் பேச நிறைய இருக்கிறது. மூன்று மணிக்குள் வந்தால் எங்கள் கமிட்டிச் செயலாளரையும் பார்க்கலாம். பஸ் ஸ்டாப்பில் இறங்கி போன் பண்ணுங்கள். தறிச் சத்தத்தில் முதல் தடவை எனக்குக் கேட்காது, இன்னொரு தடவை அடியுங்கள்.